பாயும் ஜாகுவார் – 9: முகூர்த்தத்துக்கு இருபது நிமிடம்

சென்ற வாரம் பாப் பெர்ரியை பிரான்சின் இருட்டுக்குள் விட்டுவிட்டு வந்தோம். ஒரு வாரமாக ஓட்டிக்கொண்டே இருக்கிறார், பாவம். இன்னும் கொஞ்சம் ஓட்டட்டும். அவருக்கு முன்னால் நாம் ஜெனிவா போய்ச் சேர்ந்துவிடுவோம்.

அங்கே ஒருவர் காத்திருக்கிறார்.

ஜெனிவா ஏரியைப் பார்த்தபடி ஓ-வீவ் பூங்கா. பூங்காவுக்குள் ஒரு பழைய மாளிகை. அதில் இப்போது உணவகம் நடக்கிறது. 1961 மார்ச் 15. நாளை மோட்டார் கண்காட்சி. கார்களைப் பற்றி எழுதிப் பிழைக்கிற ஏறக்குறைய இருநூறு பத்திரிகைக்காரர்களை ஜாகுவார் கம்பெனி இன்றே இங்கு அழைத்திருக்கிறது. புதிய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றைக் காட்டப்போகிறார்கள். பெயர் இ-டைப். எல்லா ஏற்பாடும் கச்சிதம்.

காரைத்தான் காணோம்.

பந்தல், மேளம், ஓமம், சாப்பாடு எல்லாம் தயாராக இருக்கிறது; மாப்பிள்ளை மட்டும் இன்னும் வழியில் இருக்கிறார் என்றால் பெண்ணைப் பெற்றவர் முகம் எப்படி இருக்கும்? ஜாகுவாரின் முதலாளி சர் வில்லியம் லயன்ஸின் நிலை அன்று அதுதான்.

கண்காட்சி மண்டபத்தில் ஒரு இ-டைப் ஏற்கெனவே போய்ச் சேர்ந்துவிட்டது. ஆனால் அது மேடையில் ஏற்றி வைத்த காட்சிப்பொருள். பூங்காவில் காட்ட வேண்டியது வேறு வண்டி. சாம்பல் நிறக் கூப்பே. நம்பர் பிளேட்டில் 9600 HP. மணிக்கு 150 மைல் ஓடும் என்று நிரூபித்த வண்டி. பத்திரிகைக்காரர்கள் ஓட்டிச் சோதித்த வண்டி. சோதனை முடிந்து, கோவென்ட்ரி தொழிற்சாலைக்குத் திரும்பி, பழுது பார்த்து, பளபளப்பாக்கி வெளியே விடும்போது முந்தின நாள் மாலையாகிவிட்டது.

கோவென்ட்ரியிலிருந்து ஜெனிவா ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல். நடுவில் கடல். கடலைத் தாண்டினால் பிரெஞ்சு நாட்டுச் சாலைகள். அன்றைக்கு அந்தத் தடத்தில் நெடுஞ்சாலை என்று சொல்லிக்கொள்ள எதுவும் இல்லை. ஊருக்குள் நுழைந்து, தேவாலயத்தைச் சுற்றி, மறுபக்கம் வெளியேற வேண்டும். கடைசியில் ஜூரா மலை. மலையிறங்கினால் ஜெனிவா.

பெர்ரி ஜாகுவாரின் விளம்பரத் துறைக்காரர். ரேஸ் ஓட்டத் தெரிந்த விளம்பரத் துறைக்காரர். அதனால்தான் சாவி அவர் கைக்குப் போனது.

இன்னும் ஒரு மணி நேரம்.

காத்திருக்கும் அந்த மனிதரைக் கொஞ்சம் பார்ப்போம். வயது ஐம்பத்தொன்பது. பிளாக்பூல் கடற்கரை ஊரில் மோட்டார் சைக்கிளுக்குப் பக்கவண்டி செய்து தொழில் தொடங்கியவர். யாரையும் குடும்பப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார். பொறியியல் படித்தவர் இல்லை. ஆனால் கண் இருக்கிறதே! ஒரு வண்டியை முழு அளவில் தகரத்தில் அடித்து, தன் வீட்டுப் புல்வெளியில் நிறுத்தச் சொல்வார். பகல் வெளிச்சத்தில் சுற்றிச் சுற்றிப் பார்ப்பார். இந்தக் கோட்டை அரை அங்குலம் இறக்கு என்பார். இறக்கினால், அதுதான் சரியாக இருக்கும்.

கண்ணுக்கு அடுத்தபடி அவரிடம் இருந்தது கணக்கு. ஒரு பென்னி வீணாகப் போனாலும் அவருக்குத் தெரிந்துவிடும்.

இந்த இரண்டு குணத்தையும் சேர்த்து வைத்துப் பாருங்கள். இ-டைப்பின் விலை புரியும். திறந்த வண்டி வரியோடு சேர்த்து சுமார் 2,100 பவுண்டு. கூப்பே நூறு பவுண்டு கூடுதல். அதே வேகத்துக்குப் போட்டி போடும் ஆஸ்டன் மார்ட்டின் ஏறக்குறைய இரண்டு மடங்கு விலை. அன்று பிற்பகல் பூங்காவில் லயன்ஸ் போடப்போகும் குண்டு அந்த விலைதான். உருவம் அதற்கு உறை.

ஆனால் எந்தக் கணக்கிலும் அடங்காத ஒன்று அவர் வாழ்க்கையில் நடந்திருந்தது. அவருக்கு ஒரே மகன், ஜான். 1955ல் ல மான் பந்தயத்தைப் பார்க்கக் காரில் போனான். பிரான்சின் சாலை ஒன்றில் விபத்து. போய்விட்டான். அந்த வருடம் ல மானில் ஜாகுவார் ஜெயித்தது. ஜெயித்த கம்பெனிக்கு வாரிசு இல்லாமல் போனது.

ஆறு வருடம் ஆகிறது. இப்போது இன்னொருவர் பிரான்சின் சாலைகளில் இரவெல்லாம் ஓட்டிக்கொண்டு வருகிறார். லயன்ஸ் காத்திருக்கிறார்.

இன்னும் நாற்பது நிமிடம்.

பெர்ரி ஓட்டி வரும் அந்த உருவத்துக்குச் சொந்தக்காரர் யார்?

மால்கம் சேயர். போன அத்தியாயங்களில் டி-டைப் பந்தயக் காரோடு பார்த்தோமே, அவரேதான். பிரிஸ்டல் விமானத் தொழிற்சாலையிலிருந்து வந்தவர். “அழகு வடிவமைப்பாளர்” என்று யாராவது சொன்னால் அவருக்குக் கோபம் வரும். தான் காற்றைப் படிப்பவன் என்பார். பென்சிலால் கோடு இழுத்துத் தலையைச் சாய்த்து ரசிக்கிற பழக்கமே இல்லை. கையில் ஸ்லைடு ரூல், பக்கத்தில் மடக்கை அட்டவணை. முதலில் நீள்வட்டங்களின் சமன்பாடு. பிறகு பத்தி பத்தியாக எண்கள். இந்த இடத்தில் உயரம் இவ்வளவு, அடுத்த அங்குலத்தில் இவ்வளவு. அந்த எண்களைப் புள்ளிகளாக்கி, புள்ளிகளை இணைத்தால் வண்டி.

பிறகு சோதனை. வண்டியின் உடம்பெல்லாம் கம்பளி நூல் துணுக்குகளை ஒட்டுவார்கள். வேகமாக ஓட்டுவார்கள். நூல் படிந்து கிடந்தால் அங்கே காற்று ஒழுங்காகப் போகிறது. நூல் துள்ளினால் அங்கே தகராறு. சேயர் அதைப் பார்த்துக் குறித்துக்கொள்வார்.

இன்று நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்தின் நிரந்தரச் சேகரிப்பில் ஒரு இ-டைப் இருக்கிறது. சிற்பங்களுக்கும் ஓவியங்களுக்கும் நடுவே! அழகான கார் செய்ய வேண்டும் என்று அதைச் செய்தவர் உட்காரவே இல்லை. காற்று வழிவிட வேண்டும். அவ்வளவுதான் அவர் கவலை.

இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் தேவைப்படும்.

உருவம் சேயருடையது. ஓட்டத்துக்குச் சொந்தக்காரர் பாப் நைட். அமைதியான பொறியாளர். பின் சக்கரங்கள் இரண்டும் ஒரே தண்டில் கட்டுண்டு கிடக்கும் பழைய முறை நைட்டுக்குப் பிடிக்கவில்லை. ஒரு சக்கரம் குழியில் இறங்கினால் மற்றது ஏன் ஆட வேண்டும்? தனித்தனியாக ஆடட்டும். ஒரு மாதத்தில் வரைந்து கொடுத்துவிடலாம் என்றார்.

லயன்ஸ் நம்பவில்லை. ஐந்து பவுண்டு பந்தயம் கட்டினார்.

நைட் ஜெயித்தார்.

பென்னிக்குக் கணக்குப் பார்க்கும் முதலாளி வாழ்க்கையிலேயே லாபகரமாக இழந்த ஐந்து பவுண்டு அதுவாகத்தான் இருக்கும். அந்தப் பின் சஸ்பென்ஷன் சின்னச் சின்னத் திருத்தங்களோடு முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஜாகுவார்களைத் தாங்கியது.

இன்னும் முப்பது நிமிடம். பத்திரிகைக்காரர்கள் வந்துவிட்டார்கள்.

இன்னும் இருபத்தைந்து.

இருபது நிமிடம் இருக்கும்போது வந்தார் பெர்ரி!

வண்டி முழுக்க ஐரோப்பாவின் சேறும் பூச்சியும். நிறுத்திப் பேச நேரமில்லை. துடைத்தார்கள். தேய்த்தார்கள். கம்பிச் சக்கரத்தின் ஒவ்வொரு ஆரத்திலும் அழுக்கு. அவரைப் பார்த்ததும் சர் வில்லியம் என்ன சொன்னார் தெரியுமா? நன்றியா? பாராட்டா? பெர்ரியே பின்னாளில் சொன்னது இது. “நீ வந்து சேரவே மாட்டாய் என்று நினைத்தேன், பெர்ரி” என்றாராம். அவ்வளவுதான்.

குறித்த நேரத்தில் 9600 HP பூங்காவில் நின்றது. அருகில் சர் வில்லியம், எதுவுமே நடக்காதது போல.

அந்தப் படத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பாதிக் கார் போனட்டாகவே இருக்கும். மூக்கில் சின்ன நீள்வட்ட வாய். கண்ணாடி மூடிக்குள் விளக்குகள். முன் கண்ணாடிக்கு மூன்று வைப்பர்கள். பக்கத்தில் நிற்பவரின் இடுப்புக்குக் கொஞ்சம் மேலேதான் கூரை. இரவு முழுக்க அடிபட்டு வந்த வண்டி என்று எவனும் சொல்ல மாட்டான்.

விலையைச் சொன்னார்கள்.

பிறகு நடந்ததற்கு ஜாகுவார்காரர்களே தயாராக இல்லை. எல்லோருக்கும் அதில் ஏறிப் பார்க்க வேண்டும். ஊருக்கு வெளியே ஒரு மலைச்சாலையில் சவாரி காட்டுவதாக ஏற்பாடு. வண்டி ஒன்று. ஓட்டுபவர் ஒருவர். அந்த ஒருவரும் இரவெல்லாம் தூங்காதவர். வரிசையோ நீண்டுகொண்டே போகிறது.

லயன்ஸ் கோவென்ட்ரிக்குத் தொலைபேசியில் பேசினார். இன்னொரு வண்டி வேண்டும். நாளைக் காலையில் இங்கே நிற்க வேண்டும்.

கோவென்ட்ரியில் அப்போது சோதனை ஓட்டுநர் நார்மன் டீவிஸ் திறந்த இ-டைப் ஒன்றை வைத்துக்கொண்டு வேலை பார்த்துக்கொண்டிருந்தார். நம்பர் 77 RW. பச்சை நிறம். டீவிஸ் யார் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. டிஸ்க் பிரேக்கை உயிரைப் பணயம் வைத்துச் சோதித்தவர். பெல்ஜியத்தின் யாபெக் சாலையில் XK120ஐ 172 மைலுக்கு விரட்டியவர். தகவல் வந்தது: எல்லாவற்றையும் போட்டுவிட்டுக் கிளம்பு.

போட்டுவிட்டுக் கிளம்பினார். அன்றிரவே கப்பலைப் பிடித்தார். மறுகரையில் இறங்கியதும் வலது காலை அழுத்தியவர்தான். மணிக்கு சராசரி 68 மைல் என்று சொல்கிறார்கள். சராசரி! ஊர்களும் வளைவுகளும் மலையும் சேர்த்து. மறுநாள் காலை ஜெனிவாவில் நின்றார். குளித்தாரா, சாப்பிட்டாரா, படுத்தாரா? நேராக மலைச்சாலைக்குப் போய்ப் பத்திரிகைக்காரர்களை ஏற்றிக்கொள்ள ஆரம்பித்துவிட்டார்.

ஒரு வண்டியை ஒரே நாளில் புராணமாக்கியவை இந்த இரண்டு இரவுப் பயணங்கள். இத்தாலியனும் ஜெர்மானியனும் ரயிலிலும் லாரியிலும் பத்திரமாக ஏற்றி வந்து விளக்குப் போட்டுக் காட்டுகிற இடத்துக்கு, ஜாகுவார் ஓடி வந்தது. இரண்டு முறை.

சரி. இப்போது ஐம்பது ஆண்டுகளை ஒரே தாவலில் தாண்டுவோம்.

2012, பாரிஸ் மோட்டார் கண்காட்சி. இரண்டே இருக்கை ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை ஜாகுவார் கொண்டுவந்து நிறுத்துகிறது. பெயர் எஃப்-டைப். ஆங்கில எழுத்து வரிசையில் ‘இ’க்கு அடுத்தது ‘எஃப்’. அந்த ஒரு எழுத்தைத் தாண்ட அத்தனை வருடம்! கம்பெனியும் கைமாறிக் கைமாறி நம்ம டாட்டாவிடம் வந்துவிட்டது. 2008ல் ஃபோர்டிடமிருந்து ஜாகுவாரையும் லேண்ட் ரோவரையும் சேர்த்து 230 கோடி டாலருக்கு வாங்கியவர்கள் அவர்கள்தான்.

இரண்டு சாவியையும் உங்கள் கையில் தருகிறேன். ஏறிப் பாருங்கள்.

முதலில் பழையது. கதவு சின்னது. கதவுக்குக் கீழே உடம்பு உயரம். காலைத் தூக்கி, இடுப்பை மடக்கி, தலையைக் குனிந்து நுழைய வேண்டும். ஆரம்ப கால வண்டி என்றால் தரை தட்டை. உயரமானவர் காலை எங்கே வைப்பது என்று தவிப்பார். முதல் 500 வண்டிகளில் போனட்டைத் திறக்க வெளியிலிருந்து தனிச் சாவி போட வேண்டும். சாவியைத் திருப்பினால் வண்டி கிளம்பாது. அதற்கென்று ஒரு பொத்தான். அழுத்துங்கள். 3.8 லிட்டர், ஆறு சிலிண்டர், மூன்று கார்புரேட்டர், 265 குதிரைசக்தி என்று கம்பெனிக் கணக்கு. முதல் கியர் ஒரு சிணுங்கல் போட்டுத்தான் விழும். அவசரப்பட்டால் பற்கள் கத்தும். பிரேக்கை நம்பி மலையிறங்க மனசுக்குத் துணிவு வேண்டும். இருக்கை முதுகை மதிக்காது.

ஆனால் ஓடத் தொடங்கினால்? 60 மைலை ஏழு விநாடிக்குள் தொடுகிறது. ஆட்டோகார் பத்திரிகை அதன் உச்ச வேகத்தை 150.4 மைல் என்று எழுதியது. இதில் ஒரு சின்னக் கள்ளம் உண்டு. பத்திரிகைக்குத் தந்த வண்டி தனிக் கவனத்தோடு தயாரானது. டயர்கள் பந்தய டயர்கள். கடையில் வாங்கிய வண்டி 150ஐ எட்டுவது அபூர்வம். லயன்ஸுக்கு அந்த எண் வேண்டியிருந்தது. எடுத்துக்கொண்டார். அந்த வேகத்தில் மூக்கு லேசாகி மேலே எழும்பப் பார்க்கும். சேயரின் கம்பளி நூல்கள் அதைச் சொல்லவில்லை போலும்.

இப்போது புதியது. கைப்பிடியையே காணோமே என்று பார்க்கிறீர்களா? கதவோடு கதவாகப் பதிந்திருக்கிறது. பூட்டைத் திறந்தால் தானாக வெளியே வந்து கையை நீட்டும். உள்ளே உட்கார்ந்தால் டேஷ்போர்டின் நடுவிலிருந்து ஏசி துவாரங்கள் எழுந்து நிற்கும். கியர் எட்டு, போடுவது உங்கள் வேலை இல்லை. V8 பொருத்திய R வகை என்றால் 550 குதிரைசக்தி, பழையதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். 60 மைலுக்கு நான்கு விநாடி. அதிவேகத்தில் பின்பக்கத்திலிருந்து ஓர் இறக்கை எழுந்து, மேலே தூக்கும் விசையில் 120 கிலோ வரை குறைத்துவிடும். அரை நூற்றாண்டுக்கு முன் ஓட்டுநர் பல்லைக் கடித்துக்கொண்டு சமாளித்ததை இப்போது ஒரு தகடு சமாளிக்கிறது.

இரண்டையும் பக்கத்தில் நிறுத்தி டேப் பிடியுங்கள். நீளம் கிட்டத்தட்ட ஒன்றே: அது 4.45 மீட்டர், இது 4.47. அகலத்தைப் பாருங்கள். அது 1.66 மீட்டர், இது 1.92. ஒரு ஜாணுக்கு மேல் வித்தியாசம்! எடையோ 1,200 கிலோ சொச்சத்திலிருந்து 1,600க்கு வந்துவிட்டது. இத்தனைக்கும் புதியது அலுமினிய உடம்பு.

அந்த ஜாணுக்குள் என்ன இருக்கிறது? பக்கவாட்டில் மோதினால் காப்பாற்றும் தூண்கள். காற்றுப்பைகள். அகலமான டயர்கள். பாதசாரி மோதினால் மேலெழும்பி அடியைத் தணிக்கும் போனட். சேயர் வரைந்த அந்தத் தாழ்ந்த மூக்கை இன்று எவன் வரைந்தாலும் சட்டம் ஒப்புக்கொள்ளாது.

ஆக, புதியதுதான் நல்ல கார். பாதுகாப்பு, வேகம், நம்பகம் எல்லாவற்றிலும். இதில் விவாதமே இல்லை.

அப்படியானால் பூங்காவில் இருநூறு பேரைத் தள்ளுமுள்ளாக்கிய அந்த ஒன்று, பாரிஸில் ஏன் நிகழவில்லை?

எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். 1961ல் விலையையும் வேகத்தையும் காற்றையும் பார்த்து ஒரு கார் செய்தார்கள். யாருக்கும் ஈடு கொடுக்க வேண்டிய பாரம் அதன் தலையில் இல்லை. எஃப்-டைப்பைச் செய்தவர்கள் இ-டைப்பைப் பார்த்தபடியே செய்தார்கள். பின் விளக்கில் அதன் சாயல். முன்னோக்கித் திறக்கும் போனட்டில் அதன் சாயல். கெட்டிக்காரர்கள்; நல்ல காரைச் செய்தார்கள். ஆனாலும் பழையதன் முகத்தை ஒரு நொடி மறக்க அவர்களுக்கு அனுமதி இருக்கவில்லை.

அந்தப் பாரம் பாரிஸில் தொடங்கியது இல்லை. இ-டைப் உயிரோடு இருந்தபோதே தொடங்கிவிட்டது.

குறைகளைத் திருத்தத்தான் ஆரம்பித்தார்கள். 1964ல் 4.2 லிட்டர் எஞ்சின் வந்தது. கத்தாத கியர்பாக்ஸ் வந்தது. பிரேக்கும் இருக்கையும் மனிதருக்கு ஏற்றதாக மாறின. ஓட்டுபவரைக் கேட்டால் குடும்பத்திலேயே சிறந்த வாரிசு இதுதான் என்பார். பிறகு அமெரிக்கா. வண்டிகளில் பெரும்பங்கு போவது அங்கேதான். சட்டம் போடுவதும் அங்கேதான். விளக்கின் கண்ணாடி மூடி கழன்றது. எஞ்சின் சூடாகாமல் இருக்க வாய் பெரிதானது. 1971ல் 12 சிலிண்டர் எஞ்சின் போட்டார்கள். அதற்காக உடம்பு நீண்டது, சக்கர வளைவுகள் புடைத்தன, வாயில் பளபளக்கும் கம்பித்தட்டி வந்தது.

ஒவ்வொரு முறையும் கார் மேம்பட்டது. ஒவ்வொரு முறையும் சேயரின் எண்கள் கொஞ்சம் அழிந்தன.

அதைத் தட்டிக் கேட்க சேயர் இல்லை. 1970லேயே, ஐம்பத்து மூன்று வயதில் இறந்துவிட்டார். லயன்ஸும் களைத்துவிட்டார். விட்டுவிட்டுப் போக மகன் இல்லாதவர், 1966லேயே கம்பெனியைப் பெரிய கூட்டு நிறுவனத்தோடு இணைத்துவிட்டார். 1972ல் ஓய்வு பெற்றார். மொத்தம் ஏறக்குறைய 72,500 இ-டைப்புகள். 1974ல் ஆலை அதை நிறுத்தியது. ஆரம்பத்தில் சில நூறு விற்றால் போதும் என்று நினைத்த வண்டி!

அடுத்த வருடம் வந்தது XJ-S. சேயர் கடைசியாகத் தொட்ட கார். பின்பக்கம் மதில்போல இறங்கும் இரண்டு தோள்கள். இ-டைப்பை எதிர்பார்த்து வந்தவர்கள் முகம் சுளித்தார்கள். ஆனால் வேடிக்கையைக் கேளுங்கள். இருபது ஆண்டுகளுக்கு மேல் ஓடி, 1,15,000க்கு மேல் விற்றது. இ-டைப்பைவிட அதிகம்! விற்பனையில் ஜெயித்தும் அதை வாரிசு என்று யாரும் ஏற்றுக்கொள்ளவே இல்லை.

கடைசியில் ஜாகுவார் துணிந்தது. எண்பதுகளில் ரகசியமாக ஒரு கார். உள்ளுக்குள் அதன் எண் XJ41. வெளியே வரும்போது சூட்டவிருந்த பெயர் எஃப்-டைப். ஆம், பாரிஸுக்கு இருபது ஆண்டுகளுக்கு மேல் முன்னாலேயே!

ஆனால் செய்யச் செய்ய அது கனத்தது. இரட்டை டர்போ வேண்டும் என்றார்கள், போட்டார்கள். நான்கு சக்கரத்துக்கும் இழுவை வேண்டும் என்றார்கள், அதையும் முயன்றார்கள். இ-டைப்பின் வாரிசு எதிலும் குறைந்துவிடக் கூடாதே! குறையவில்லை. எடையிலும் குறையவில்லை.

அந்த நேரத்தில்தான் 160 கோடி பவுண்டு கொடுத்து ஃபோர்டு உள்ளே வந்தது. புது முதலாளி புத்தகங்களைப் புரட்டினார். XJ41 கணக்கைப் பார்த்தார்.

1990 மார்ச். ஒரே முடிவு. நிறுத்துங்கள்.

பத்து ஆண்டு உழைப்பு, துணி போர்த்தி ஓரமாக நின்றது.

கதை முடிந்தது என்று ஜாகுவார்காரர்களே நினைத்தார்கள். ஒரே ஒருவர் நினைக்கவில்லை. பந்தய அணி நடத்தும் டாம் வாக்கின்ஷா. நிறுத்திய அந்தக் காரை அவர் வேறொரு கண்ணால் பார்த்தார். அதற்குப் புது உடம்பு வரைய ஒரு ஸ்காட்லாந்துக்காரரைப் பிடித்தார். மூன்றே ஆண்டில் அது மேடையேறியது. எந்தக் கம்பெனியின் பெயரோடு தெரியுமா? ஜாகுவாரின் பெயரோடு இல்லை. லயன்ஸ் பாதி விலையில் அடித்து வீழ்த்தினாரே, அந்த ஆஸ்டன் மார்ட்டினின் பெயரோடு!

பின்னாளில் பாரிஸில் நின்ற எஃப்-டைப்பை வரைந்ததும் அதே ஸ்காட்லாந்துக்காரர்தான்.

யார் அவர்? அதற்கு நாம் 1968க்குப் போக வேண்டும். கோவென்ட்ரி. ஜாகுவாரின் தலைமைப் பொறியாளர் வில்லியம் ஹைன்ஸின் மேசை. புதிய XJ6 காரின் வேலை, 12 சிலிண்டர் எஞ்சினின் வேலை என்று கழுத்துவரை வேலை. ஓய்வு பெறவும் அதிக நாள் இல்லை. அன்றைய தபாலில் ஓர் உறை. ஸ்காட்லாந்திலிருந்து. உள்ளே கையால் வரைந்த கார் படங்கள், கூடவே ஒரு கடிதம். எழுதியவனுக்கு வயது பதினான்கு. உங்களிடம் வேலைக்குச் சேர வேண்டும், கார் வரைய வேண்டும் என்கிறான்.

ஹைன்ஸ் என்ன செய்தார்? குப்பைக்கூடையா, பதிலா?

அடுத்த வாரம் பிரிப்போம், அந்த உறையை.

(தொடரும்)